ஆற்றுக்காகக் கிழித்த இரண்டு கோடுகள்: காம்பியா, கப்ரிவி

1889-இல் பிரிட்டனும் பிரான்சும் மேற்கு ஆப்பிரிக்காவின் காம்பியா ஆற்றின் இரு கரையிலும் சுமார் 10 கி.மீ. தள்ளிக் கோடு போட்டன; ஆறு வளைந்தால் எல்லையும் வளையும். 1890-இல் ஜெர்மனி தன் காலனிக்காக (இன்றைய நமீபியா) பிரிட்டனிடம் வாங்கியது, சாம்பெசி ஆற்றைத் தொட்டுக் கப்பலில் கடலுக்குப் போக ஒரு நீளப் பட்டை: கப்ரிவி. எங்கும் 20 மைல் அகலம் குறையாது. ஆனால் கீழே விக்டோரியா அருவி, 100 மீட்டருக்கு மேல் செங்குத்து. கப்பல் எப்படி இறங்கும்?

காம்பியா ஆற்றில் கப்பலாவது போக முடிந்தது. ஆனாலும் அதிகக் கேடு அந்தக் கோட்டால்தான்: காம்பியா நடுவே நீள்வதால் செனகலின் தெற்கான கசமான்ஸ் துண்டாகி, 1982 முதல் பிரிவினைப் போராட்டம். 2019-இல் ஃபராஃபென்னி அருகே பாலம் வரும்வரை லாரிகள் படகுத்துறையில் காத்துக் கிடந்தன.

கப்ரிவியில் சிக்கல் ஒரே சொல்லில். எல்லை, சோபே ஆற்றின் 'முதன்மைக் கால்' (முக்கியக் கிளை). அது எது? ஒப்பந்தம் சொல்லவில்லை. ஒரு தீவுக்காக நமீபியாவும் போட்ஸ்வானாவும் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் வரை போயின. 1999-இல் வடக்குக் கிளையே முதன்மை என்றானது, தீவு போட்ஸ்வானாவுக்கு.