ஏ/எல் புரியாத மென்பொருள், இருந்தாலும் வாங்கலாம்

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஒரு நடுத்தரத் தொழிற்சாலையின் மனிதவளத் துறையைப் பார்த்துக்கொள்கிறேன். வேலைக்கு எடுக்கும் ஆட்களின் பட்டம், பழைய வேலை, கடன் விவரம் எல்லாம் சரிபார்த்துத் தரும் நிறுவனத்தை மாற்றினோம். பழையது மின்னஞ்சலும் எக்செல் தாளுமாக ஓடிக்கொண்டிருந்தது. புதியதில் எல்லாமே இணையவழி. விண்ணப்பதாரரே தன் கைப்பேசியில் விவரம் நிரப்புவார், சான்றிதழைப் படம் எடுத்து ஏற்றுவார், எந்தச் சோதனை எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று நாங்கள் திரையில் பார்த்துக்கொள்ளலாம். நிறுவனத்தின் பெயரை எழுத முடியாது. அனுமதியில்லாமல் வெளியில் பேசக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே ஒரு வரி போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, விற்க வருகிறவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே பேச்சுதான் பேசுகிறார்கள். யாரிடம் வாங்கினாலும் இது உதவும்.

செயல்விளக்கத்தில் காட்டும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கட்டங்களைப் பார்த்து முடிவெடுக்காதீர்கள். நான் கேட்ட முதல் கேள்வி: நாங்கள் மாறுகிற நாளில் பாதிச் சோதனையில் நிற்கும் ஆட்களின் கதி என்ன? வேலைக் கடிதம் வாங்கி, பழைய இடத்தில் ராஜினாமா கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலத்தில் இருப்பவர்கள் அவர்கள். பட்டம் உறுதியாகியிருக்கும், கடைசி முதலாளியிடமிருந்து பதில் வந்திருக்காது. இரண்டு நிறுவனங்களுக்கு நடுவில் அந்தக் கோப்பு காணாமல் போனால் சம்பளம் இல்லாமல் நிற்பது அந்தப் பிள்ளைதான்.

இதில் புதிய நிறுவனத்துக்கு நல்ல மதிப்பெண் தருவேன். எல்லாவற்றையும் நாங்களே இழுத்துக்கொள்கிறோம் என்று அவர்கள் சொல்லவில்லை. மாற்றத்துக்குப் பொறுப்பாக வந்த பெண், "பாதியில் இருப்பதைத் தொடாதீர்கள், அங்கேயே முடியட்டும். ஒரு தேதிக்குப் பிறகு வரும் ஆட்களை மட்டும் எங்களிடம் அனுப்புங்கள்" என்றார். பழைய ஒப்பந்தத்தைக் கொஞ்ச காலம் நீட்ட வேண்டியிருந்தது, இரண்டு பக்கமும் காசு கட்டினோம். கணக்குப் பிரிவு முணுமுணுத்தது, முணுமுணுக்கட்டும். தேதியைச் சீனப் பெருநாளுக்கு முன்னால் வைக்க வேண்டாம் என்று சொன்னதும் அவரேதான். போனஸ் வாங்கிக்கொண்டு ஆட்கள் இடம் மாறும் பருவம் அது. சரிபார்க்கக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அலுவலகங்களோ விடுமுறையில் கிடக்கும். நோன்புப் பெருநாள் கழித்து வைத்தோம்.

அடுத்தது பழைய அறிக்கைகள். அவற்றை இலவசமாக ஏற்றித் தருகிறோம் என்று விற்பனைப் பிரிவு ஆசை காட்டியது. வேண்டாம் என்றேன். 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தேவை முடிந்த விவரத்தை வைத்துக்கொண்டிருக்கக் கூடாது. வேலையை விட்டுப் போனவருடைய கடன் அறிக்கை எங்களுக்கு எதற்கு? இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு மட்டும், சோதனை நடந்த தேதி, முடிவு, இவ்வளவுதான் கொண்டுவந்தோம். ஒப்புதல் படிவத்தையும் புதிதாகத்தான் வாங்க வேண்டும், பழையதில் பழைய நிறுவனத்தின் பெயர்தானே இருக்கிறது. சட்டம் கேட்கிற மலாய், ஆங்கில அறிவிப்புகள் இரண்டையும் அவர்களே தயாராகக் கொடுத்தார்கள். தமிழிலோ சீனத்திலோ கிடையாது. உற்பத்தி வரிசைக்கு வரும் பிள்ளைகளுக்கு எங்கள் மேற்பார்வையாளர்தான் வாயால் விளக்குகிறார்.

ஒப்பந்தத்தில் மல்லுக்கட்டியது ஒரே ஒரு இடத்தில். 2025 ஜூன் 1 முதல், தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் தனிநபர் தரவுப் பாதுகாப்பு ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். அவர்களுடைய வரைவில், கசிவு நடந்தால் எங்களுக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்வதாக எழுதியிருந்தார்கள். மூன்று நாள் கழித்து எங்களிடம் சொன்னால், ஆணையர் முன்னால் போய் என்ன பேசுவது? சட்டத்தின் கோட்பாடுகளை மீறினால் இப்போது பத்து லட்சம் வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை. 24 மணி நேரம் என்று மாற்றிய பிறகுதான் கையெழுத்துப் போட்டோம். அதே வருடம் ஏப்ரல் முதல், தரவைக் கையாளும் ஒப்பந்ததாரர்களும் பாதுகாப்புக் கோட்பாட்டுக்கு நேரடியாகக் கட்டுப்பட்டவர்கள். அதனாலோ என்னவோ, அவர்களுடைய வழக்கறிஞர் ரொம்ப நேரம் இழுக்கவில்லை.

இனி குறை. பெரிய குறை.

இந்த மென்பொருளுக்கு நம் பெயர் புரியவில்லை. முதல் பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டையும் நிரப்பாமல் நகராது. முருகன் ஏ/எல் கோவிந்தன், அதாவது கோவிந்தனின் மகன் முருகன், என்று ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முருகன் முதல் கட்டத்தில், கோவிந்தன் இரண்டாவதில், ஏ/எல் எங்கே போவது என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் 'அன்புள்ள திரு. கோவிந்தன்' என்று கடிதம் போகிறது. வேலை மகனுக்கு, கடிதம் அப்பாவுக்கு! இதோடு நின்றால் சிரித்துவிட்டுப் போகலாம். அடையாள அட்டையில் ஏ/எல் இருக்கும், பட்டத்தில் இருக்காது. அம்மா வைத்த எழுத்துக்கூட்டல் ஒன்று, பள்ளிக்கூடத்தில் எழுதியது இன்னொன்று. மென்பொருள் இதையெல்லாம் 'முரண்பாடு' என்று மஞ்சளில் போட்டுவிடுகிறது. மஞ்சளைப் பார்த்த துறை மேலாளர், அது என்னவென்று விசாரிக்காமலே முகத்தைச் சுளிக்கிறார். மகள் என்று சொல்லும் ஏ/பி, மலாய்ப் பெயர்களில் மகன், மகள் என்று சொல்லும் 'பின்', 'பிந்தி' என்று வருகிற எல்லோருக்கும் இதே தொல்லை. மலேசியாவில் விற்கிற பொருள் இது, மலேசியப் பெயர் தெரியாமல் எப்படி விற்கிறார்கள்?

நம்மிடம் பன்னிரண்டு இலக்க அடையாள எண் இருக்கிறது. முதல் ஆறு இலக்கம் பிறந்த தேதி, அடுத்த இரண்டு பிறந்த இடம், பினாங்கு என்றால் 07. முதலில் எண்ணை ஒப்பிடுங்கள், பெயரை அப்புறம் பாருங்கள் என்று எழுதிக் கேட்டோம். செய்து கொடுத்தார்கள், மஞ்சள் வெகுவாகக் குறைந்தது. கடிதம் மட்டும் இன்னும் அப்பாவுக்குத்தான் போகிறது. அடுத்த பதிப்பில் சரியாகுமாம்.

இன்னொரு விஷயம், இதை வாங்குகிற அன்றே மாற்றிவிடுங்கள். இப்போது வேலை செய்யும் முதலாளியைத் தொடர்புகொள்ளும் வசதி, நாம் எதையும் தொடாவிட்டால் தானாகவே இயங்கும்படி வைத்திருக்கிறார்கள். பழைய நிறுவனம் ஒருமுறை, ராஜினாமா கொடுக்காத ஒரு பையனின் முதலாளிக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டது. ராத்திரி அழைத்தான்: "அக்கா, என் மேனேஜருக்குத் தெரிந்துபோச்சு. நாளைக்கு எந்த முகத்தோட உள்ளே போவேன்?" பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலைக்காரருக்கு இன்னொரு தொழிற்சாலையில் மச்சான் இருப்பார். செய்தி பரவ ஒரு கோப்பி குடிக்கும் நேரம் போதும். புதியதில் அந்த வசதியை எல்லாப் பதவிக்கும் அணைத்து வைத்திருக்கிறோம். அதற்குப் பதிலாக, விண்ணப்பதாரரே இபிஎஃப் (ஊழியர் சேமநிதி) கணக்கறிக்கையை இறக்கித் தருகிறார். மாதாமாதம் சந்தா விழுந்திருந்தால் வேலை செய்தார் என்று தெரிந்துவிடும். முதலாளியிடம் கேட்பது அவர் எங்களிடம் சேர்ந்த பிறகு.

அவர்கள் விற்கும் 'முழுத் தொகுப்பு'வில் எல்லாப் பதவிக்கும் கடன் அறிக்கை உண்டு. இயந்திரம் இயக்க வருகிறவருக்குப் படிப்புக் கடன் பாக்கி இருக்கிறதா என்று நாம் ஏன் தோண்ட வேண்டும்? கணக்கு, கொள்முதல் பதவிகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டோம், செலவும் இறங்கியது. விலைப் பட்டியலைக் கவனமாகப் படியுங்கள். 8 விழுக்காடு சேவை வரி அதில் சேரவில்லை, பல்கலைக்கழகங்கள் கேட்கும் கட்டணமும் தனி. தமிழ்நாட்டுப் பட்டத்தோடு வரும் பொறியாளர் என்றால் பணத்தோடு பொறுமையும் வேண்டும். அங்கிருந்து பதில் வரும் வேகத்தை எந்த மென்பொருளாலும் கூட்ட முடியாது.

எங்கள் சம்பள மென்பொருளோடு இணைப்பது அவர்கள் சொன்னதைவிடத் தாமதமாகியது, ஆனால் இப்போது ஒழுங்காக ஓடுகிறது. உதவிப் பிரிவில் ஆள் எடுத்துப் பேசுகிறார், இந்தக் காலத்தில் அதுவே பெரிது.

ஐந்துக்கு மூன்றரை தருவேன். மாதத்துக்கு நாலைந்து பேரை எடுக்கும் சின்ன நிறுவனம் என்றால் இது தேவையில்லை, ஆளைக் கூப்பிட்டு மூலச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எங்களைப் போல உற்பத்தி கூடும்போது கூட்டமாக எடுப்பவர்கள் வாங்கலாம். கையெழுத்துக்கு முன்னால், உங்கள் ஊழியர்களில் ஏ/எல், ஏ/பி, பின், சீனப் பெயர் என்று ஒவ்வொன்றிலும் ஒருவருடைய ஒப்புதலோடு சோதனை ஓட்டம் கேளுங்கள். அவர்கள் கொண்டுவரும் மாதிரிப் பெயர்களை வைத்து ஓட்ட விடாதீர்கள், அதில் எல்லோரும் ஜான் ஸ்மித்.