“பன்றி வேட்டைக்கென்றே செய்த ரைஃபிள்” என்று யாராவது சொன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

காட்டுப்பன்றி சுட ரைஃபிள் தேடுபவர்கள் “ஹாக் ஸ்பெஷல்” என்ற பெயரில் விற்கும் தொகுப்புகளைக் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். குட்டைப் பேரல், கறுப்பு உடல், மேலே ஒரு இரவு ஸ்கோப், கூடவே இரண்டு பெட்டி தோட்டா. அப்படி ஒன்றைத்தான் ஒரு கடைக்காரர் என் தலையில் கட்டினார். கடையின் பெயரை எழுதப்போவதில்லை. பணத் தகராறு இன்னும் முடியவில்லை. தவிர, இதே வசனங்களை வேறு விற்பனையாளர்களும் பேசுவதை அதற்குப் பிறகு கேட்டுவிட்டேன். அதனால் வசனங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

நான் கேட்டதை முதலில் சொல்லிவிடுகிறேன். “தேவையை நீங்கள் சரியாகச் சொல்லவில்லை” என்றுதான் பின்னால் சப்பைக்கட்டு கட்டினார்கள். பயிரில் இறங்கும் கூட்டம். பெரும்பாலும் பெண் பன்றிகளும் வளர்ந்த குட்டிகளும், அவ்வப்போது தனியாக வரும் பெரிய ஆண். இரவு நேரம், நூறு மீட்டருக்குள். நிலத்துக்காரரின் அனுமதியும் உரிமமும் கையில் இருந்தன. அடிபட்டது அங்கேயே விழ வேண்டும், காயத்தோடு ஓடக் கூடாது. இவ்வளவையும் மின்னஞ்சலில் எழுதிக் கேட்டேன். பதிலும் எழுத்திலேயே வந்தது: .300 பிளாக்அவுட் என்ற தோட்டாவுக்கான ரைஃபிளை எடுங்கள், சத்தமே வராத சப்சோனிக் (ஒலியைவிட மெதுவாகப் போகும்) தோட்டா தருகிறோம், .308 என்ற பெரிய வேட்டைத் தோட்டாவில் போகும் அதே குண்டுதான், நுனியில் துளை இருப்பதால் உள்ளே போய் விரியும், துப்பாக்கி புதுசு, ஸ்கோப் ஜீரோ செய்தே, அதாவது குறியும் குண்டு விழும் இடமும் ஒத்துப்போகும்படி சரிசெய்தே வரும்.

இதில் சில வரிகள் சுத்தப் பொய். மற்றவை பாதி உண்மை. பொய்யைவிட அந்தப் பாதி உண்மைகள்தான் என்னை அதிகம் படுத்தின.

“.308-இல் போகும் அதே குண்டு” என்பதை எடுத்துக்கொள்வோம். .300 பிளாக்அவுட்டை அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தர அமைப்பு 2011-இல் ஏற்றுக்கொண்டது. குட்டைப் பேரலுக்கும் சத்தம் குறைக்கும் சப்ரஸருக்கும் பொருந்த வேண்டும், 5.56 மி.மீ. துப்பாக்கியின் போல்ட்டையும் (தோட்டாவை அறைக்குள் தள்ளி அடைக்கும் பாகம்) மேகஸினையும் (தோட்டா அடுக்கும் பெட்டி) அப்படியே பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அதன் நோக்கம். 5.56-க்கு இணையான .223 தோட்டாவின் கூட்டைக் குட்டையாக வெட்டி, வாயை அகலமாக்கி, .308 அங்குல விட்டமுள்ள குண்டை அதில் வைக்கிறார்கள். ஆக, குண்டின் விட்டம் ஒன்றுதான், வாஸ்தவம். பின்னால் இருக்கும் வெடிமருந்து ஒன்றல்ல. 1952-இல் வந்த .308 வின்செஸ்டர் 150 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டைச் சுமார் 3,500 ஜூல் ஆற்றலோடு அனுப்பும். .300 பிளாக்அவுட்டின் வேகமான தோட்டா, அதாவது 110 முதல் 125 கிரெயின் வரை உள்ளது, ஏறக்குறைய 1,800 ஜூல். அதுவும் மோசமில்லை, நல்ல வேட்டைக் குண்டோடு நூறு மீட்டருக்குள் பன்றியை விழவைக்கும். அந்தத் தோட்டாவின் மீது எனக்குக் கோபம் எதுவும் இல்லை.

எனக்குக் கொடுத்த பெட்டிகளோ சப்சோனிக். ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 340 மீட்டர். அதற்குக் கீழே நிற்பதற்காக 220 கிரெயின் கனமான குண்டை நொடிக்கு 300 மீட்டர் சொச்சத்தில் தள்ளுகிறார்கள். ஆற்றல் 700 ஜூலைக்கூடத் தொடாது. இது கைத்துப்பாக்கிக் கணக்கு. “சத்தமே வராது” என்பதும் சப்ரஸர் மாட்டினால்தான் ஓரளவு உண்மை. மாட்டாவிட்டால் குண்டு காற்றைக் கிழிக்கும் அந்த ‘சடக்’ மட்டும்தான் குறையும், பேரல் வாயில் வெடிக்கும் சத்தம் நன்றாகவே கேட்கும். தொகுப்பில் சப்ரஸர் இல்லை. பல நாடுகளில் அதற்குத் தனி அனுமதி வேண்டும், சில இடங்களில் வைத்திருக்கவே கூடாது. இதைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை.

அப்புறம் அந்த நுனித் துளை. கடையில் தோட்டாவைக் கையில் எடுத்து, துளையைக் காட்டி, “பாருங்கள், ஹாலோ பாயின்ட்” என்றார் விற்பனையாளர். பட்டதும் விரியும் துளைமுனைக் குண்டு என்று பொருள். அவர் காட்டியது இலக்குப் போட்டிக்கான ‘ஓப்பன் டிப்’ குண்டு. அந்த வகைக் குண்டின் செப்பு உறையை அடிப்பக்கத்திலிருந்து நுனி நோக்கி இழுத்துச் செய்வதால் நுனியில் ஒரு சின்னத் துளை மிஞ்சும். குண்டின் அடிப்பாகம் ஒரே சீராக அமையும், அதனால் குறி துல்லியமாக விழும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். விரிவதற்கான துளையே இல்லை அது. சப்சோனிக் வேகத்தில் விரியும் குண்டுகளும் இருக்கின்றன. செம்பில் முன்கூட்டியே வெட்டு போட்டு, இதழ் இதழாகப் பிரியும்படி செய்தவை. எனக்கு வந்த பெட்டியில் அவை இல்லை. கொடுமை என்னவென்றால், அந்தக் குண்டைத் தயாரித்த நிறுவனமே தன் விவரத்தாளில் இதை வேட்டைக்குப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. கடைக்காரர் அதைப் படித்திருக்க மாட்டார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

களத்தில் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நடுத்தர அளவுள்ள பெண் பன்றி. பெரிய ஆண்கூட இல்லை. பக்கவாட்டில் நின்றது, தூரமும் அதிகமில்லை. குண்டு நெஞ்சில் பட்டது. பன்றி ஒரு குலுக்கலோடு ஓடியது. உடனே அடுத்த குண்டை விடலாம் என்றால் போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது, அடுத்த தோட்டாவை எடுக்கவில்லை. விடியும்வரை தேடியும் இரத்தத் தடம் சரியாகக் கிடைக்கவில்லை. காலையில் நாயை வைத்துத்தான் புதரில் கண்டுபிடித்தோம். உள்ளே போன துளையும் வெளியே வந்த துளையும் ஒரே அளவு, பென்சில் நுழையும் அளவு. அந்த மிருகம் எவ்வளவு நேரம் கிடந்து செத்திருக்கும் என்று நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது. சந்தேகம் தீர, தண்ணீர் நிரப்பிய கேன்களை வரிசையாக வைத்துச் சுட்டுப் பார்த்தேன். எடுத்த குண்டில் பேரலின் வரிகள் விழுந்திருந்தன. வேறு மாற்றமே இல்லை.

பன்றி விஷயத்தில் இந்தக் குறை ஏன் இவ்வளவு பெரிதாகிறது என்றால், பன்றியின் உடலமைப்பு அப்படி. இதயமும் நுரையீரலும் மான்களுக்கு இருப்பதைவிடக் கீழேயும் முன்னேயும், கிட்டத்தட்ட முன்னங்கால்களுக்கு நடுவில் இருக்கும். மானுக்குச் சுடுவது போலத் தோளுக்குப் பின்னால் சுட்டால் குண்டு ஈரலுக்கோ வயிற்றுக்கோ போய்விடும். வயது வந்த ஆணுக்குத் தோளின் மேல் தடித்த, குருத்தெலும்பு மாதிரி இறுகிய ஒரு தகடு வேறு. சண்டை போடப் போட, வயது ஏற ஏற அது இன்னும் கெட்டிப்படும். கொழுப்பும் மேலே காய்ந்த சேறும் சின்னத் துளையை அடைத்துவிடுவதால் இரத்தம் வெளியே சிந்துவதே குறைவு. ஆகவே ஆழமாகவும் போக வேண்டும், உள்ளே விரியவும் வேண்டும், முடிந்தால் மறுபக்கம் பெரிய துளையோடு வெளியேயும் வர வேண்டும். காலிபர் (குண்டின் விட்டத்தை வைத்துச் சொல்லும் அளவு) பெயரை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் குண்டின் அமைப்பைப் பற்றிப் பேசுவதே இல்லை என்பது என் நெடுநாள் எரிச்சல்.

இனி அந்தப் போல்ட் கதை. வாங்குவதற்கு முன் கடையின் சுடுதளத்தில் இதே ரைஃபிளை எனக்குச் சுட்டுக் காட்டினார்கள். ஒரு மேகஸின் முழுக்கத் தடங்கலில்லாமல் ஓடியது, குறியும் சுத்தம். பிறகுதான் விளங்கியது, அன்று போட்டது வேகமான தோட்டா. அரைத் தானியங்கி ரைஃபிளில் வெடிமருந்து எரியும் வாயுவில் கொஞ்சத்தைப் பேரலில் உள்ள சிறு துளை வழியாகத் திருப்பித்தான் போல்ட்டைப் பின்னுக்குத் தள்ளுகிறார்கள். சப்சோனிக் தோட்டாவில் மருந்து குறைவு, வாயுவும் குறைவு. துளையின் அளவும் இடமும் அதற்கேற்றபடி இல்லையென்றால், சப்ரஸர் கொடுக்கும் கூடுதல் அழுத்தமும் இல்லையென்றால், போல்ட் முழுசாகப் பின்னால் போகாது. காட்டியது ஒரு தோட்டா, கையில் கொடுத்தது வேறு தோட்டா. மோசடி என்று நான் சொல்வது முக்கியமாக இதைத்தான்.

ஜீரோவும் அப்படித்தான். பேரலுக்குள் லேசர் வைத்து ஸ்கோப்பை ஒத்துப்பார்த்ததை “ஜீரோ செய்தாச்சு” என்று எழுதியிருந்தார்கள். லேசர் வைத்தால் குண்டு அட்டையில் எங்காவது விழும், அவ்வளவே. வேகமான தோட்டாவுக்கு நூறு மீட்டரில் ஜீரோ செய்த ரைஃபிளில் சப்சோனிக் போட்டால் குண்டு ஓர் அடிக்கும் மேல் தாழ்ந்து விழும். பன்றியின் நெஞ்சைக் குறிவைத்தால் கால்களுக்கு நடுவில் மண் தெறிக்கும். நல்லவேளை, நான் களத்துக்குப் போகுமுன் அட்டையில் சுட்டுத் திருத்திக்கொண்டேன். ஸ்கோப் மவுன்ட்டின் திருகுகள் விரலால் சுற்றும் அளவுக்குத் தளர்வாக இருந்ததையும் அப்போதுதான் பார்த்தேன்.

இரவு ஸ்கோப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெட்டியில் அச்சிட்டிருந்த அந்தப் பெரிய தூரம், ஏதோ ஒன்று அங்கே இருக்கிறது என்று ஒரு புள்ளியாகத் தெரியும் தூரம். அது பன்றியா, கன்றுக்குட்டியா, நாயா, குனிந்து நிற்கும் மனிதனா என்று பிரித்தறியும் தூரம் அதில் சிறு பங்குதான். கேட்கும்போது இந்த இரண்டாவது தூரத்தைக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட என்னைப் பயமுறுத்தியது வேறு. துப்பாக்கியின் உடலில் 5.56 என்று முத்திரை, பேரலில் .300 என்று முத்திரை. கடையிலேயே இதைக் கேட்டேன். “ரெண்டுக்கும் ஒரே போல்ட்தான் சார், சகஜம்” என்றார். ஆமாம், பேரலை மட்டும் மாற்றினால் போதும் என்பது உண்மை. அதே காரணத்தால்தான் ஆபத்தும். .300 பிளாக்அவுட் தோட்டா 5.56 துப்பாக்கியின் மேகஸினில் நன்றாகவே உட்காரும், சில குண்டு வகைகளோடு அறைக்குள்ளும் போய்விடும். சுட்டால் .308 குண்டு .224 பேரலுக்குள் நுழைய வழியின்றி துப்பாக்கியே வெடிக்கும். அப்படி வெடித்த துப்பாக்கிகள் பல. இரண்டு காலிபரும் வைத்திருப்பவர்கள் மேகஸினில் நிறப்பட்டை ஒட்டி, தோட்டாவைத் தனித்தனிப் பெட்டியில் பூட்டி வைப்பார்கள். எனக்குக் கிடைத்த மேகஸின்களில் ஒரு அடையாளமும் இல்லை, சொல்லிக் கொடுக்கவும் ஆளில்லை.

துப்பாக்கி பழுது பார்க்கும் பெரியவர் ஒருவரிடம் கொண்டுபோனேன். பேரலைக் கழற்றாமலே சொல்லிவிட்டார்: “இது பழைய உடம்பு தம்பி, பேரலை மட்டும் புதுசா மாட்டியிருக்காங்க.” போல்ட்டின் முகத்தில் தேய்மானம், காஸ் பிளாக்கின் (பேரலின் வாயுத் துளை மேல் உட்காரும் பாகம்) திருகுத் தலைகள் யாரோ ஏற்கெனவே கழற்றி மாட்டியதில் மழுங்கிப்போனவை. “புதுசு” என்று எழுதியது சுத்தப் பொய் என்று அங்கேதான் உறுதியானது.

கடையில் நடந்த பேச்சு வழக்கமானதுதான். முதலில் நான் குறி தவறியிருப்பேன் என்றார்கள். துளைகளின் படத்தைக் காட்டியதும் தோட்டா என் தேர்வு என்றார்கள். மின்னஞ்சலைக் காட்டியதும், சுட்ட துப்பாக்கியைத் திரும்ப வாங்குவதில்லை என்ற விதி வந்தது. பழுது பார்ப்பவரின் எழுத்துமூல அறிக்கையை வைத்ததும் விதி கொஞ்சம் வளைந்தது. கடைசியில் தொகையில் கணிசமாகப் பிடித்துக்கொண்டு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். பிடித்த தொகைக்காகத்தான் இப்போது நுகர்வோர் புகார். எழுத்தில் இருந்த அந்த ஒரு மின்னஞ்சல் இல்லையென்றால் இதுகூட நடந்திருக்காது. வாயால் சொல்வதை எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

இப்போது என்னிடம் இருப்பது ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் சாதாரண போல்ட் ஆக்ஷன் .308, 150 கிரெயின் மென்முனைக் குண்டு. நவநாகரிகம் எதுவும் இல்லை. 1895-இலிருந்து ஓடிக்கொண்டிருக்கும் .30-30 லீவர் துப்பாக்கிகூடப் புதருக்குள் கிட்டத்தில் இந்த வேலையை அழகாகச் செய்யும். கூட்டமாக வரும்போது வேகமாக அடுத்தடுத்துச் சுட வேண்டும் என்பவர்களுக்கு அரைத் தானியங்கி வேண்டியிருக்கும், உங்கள் சட்டம் அனுமதித்தால். அதிலும் .300 பிளாக்அவுட்தான் வேண்டுமென்றால் தாராளமாக எடுங்கள். வேகமான வேட்டைத் தோட்டாவோடு எடுங்கள். உங்களுக்கு விற்கப்போகும் அதே பெட்டியைப் பிரித்து, அதே தோட்டாவைப் போட்டு, சப்ரஸர் இல்லாமல் ஒரு மேகஸினை உங்கள் கண்முன் சுட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெட்டி மேல் ‘மேட்ச்’ (இலக்குப் போட்டிக்கானது) என்று இருந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள்.

நான் திருப்பிக் கொடுத்த ரைஃபிள் மறுபடி விற்பனைக்கு வந்திருக்கிறது. “சற்றே பயன்படுத்தியது, பன்றி வேட்டைக்கு ஏற்றது” என்று போட்டிருக்கிறார்கள். உடலில் 5.56, பேரலில் .300, காஸ் பிளாக்கில் இரண்டு திருகுத் தலைகள் மழுங்கியிருக்கும். பார்த்தால் தெரியும்.