பாட்டில் நிறையத் தண்ணீர், ரேடியேட்டர் காலி

பழைய அம்பாசடர், பத்மினி, ஜீப் வைத்திருப்பவர்களிடம் யாராவது "ஓவர்ஃப்ளோ டேங்க் செய்து மாட்டித் தருகிறேன்" (ரேடியேட்டரில் சூடேறிப் பெருகும் தண்ணீரைப் பிடித்து வைக்கும் டேங்க்) என்று சொன்னால், தலையாட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். டேங்குக்கு என்று என்னிடம் வாங்கியது 3,200 ரூபாய். அந்த டேங்கால் என்ஜினுக்கு ஆன செலவு 16,000 ரூபாய்க்கு மேல்.

வண்டி அப்பா வாங்கிய அம்பாசடர் மார்க் 4. 1489 சிசி பெட்ரோல் என்ஜின். இதில் ரேடியேட்டருக்குத் தனியாக டேங்க் எதுவும் கிடையாது. கழுத்திலிருந்து ஒரு குழாய் கீழே இறங்கும். சூடேறிப் பெருகும் தண்ணீர் அது வழியாக ரோட்டில் கொட்டும், அவ்வளவுதான். அப்பா எப்போதும் ஒரு அங்குலம் குறைத்தே ஊற்றுவார். விளிம்புவரை ஊற்றினால் அந்த ஒரு அங்குலத்தை வண்டியே வெளியே துப்பிவிட்டு அதோடு நின்றுகொள்ளும். இப்படியே முப்பது வருஷத்துக்கு மேல் ஓடியது.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில், "சார், இந்தக் காலத்தில் தண்ணீர் ஊற்றி ஓட்டலாமா? கூலன்ட் ஊற்றணும். டேங்க் இல்லாமல் கூலன்ட் ஊற்றினால் எல்லாம் ரோட்டுக்குத்தான் போகும்" என்றார்கள். அதில் உண்மை இருக்கிறது. கூலன்டில் இருக்கும் எத்திலீன் கிளைகால் இனிப்பாக இருக்கும், விஷம். தெரு நாய் நக்கினால் செத்துப்போகும். எங்கள் தெருவில் நாய்களும் உண்டு, குழந்தைகளும் உண்டு. சரி, செய்யுங்கள் என்றேன்.

மறுநாள் பானட்டைத் திறந்து காட்டினார்கள். ஒரு பிளாஸ்டிக் பாட்டில், அதில் பளிச்சென்று பச்சைத் தண்ணீர், மூடியில் துளை போட்டு ஒரு ட்யூப், ட்யூபைச் சுற்றி காற்றுப் போகாமல் எம்-சீல். ரேடியேட்டருக்கும் புது மூடி. "இனிமேல் ரேடியேட்டர் மூடியைத் தொடவே வேண்டாம் சார். பாட்டிலைப் பார்த்தால் போதும்." பில் கேட்டேன். துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்கள்.

இரண்டு மாதம் நான் பாட்டிலைத்தான் பார்த்தேன். அளவு குறையவே இல்லை, கொஞ்சம் கூடியும் இருந்தது. ரேடியேட்டரின் மேல் தொட்டி ஓரத்தில் பச்சையாகப் பொரிந்து நின்றதையும் பார்த்தேன். பழைய வண்டிதானே என்று விட்டுவிட்டேன். அது என் தப்பு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு ஏற்காடு கிளம்பினோம். சேலம் அடிவாரத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். ஆறாவது வளைவில் வெப்ப முள் ஏறியது. நிறுத்தலாமா என்று யோசிப்பதற்குள் முள் தானாகவே கீழே இறங்கிவிட்டது. நல்லவேளை, சரியாகிவிட்டது என்று தொடர்ந்து ஏற்றினேன். ஒன்பதாவது வளைவில் இழுவை போனது, தட்டும் சத்தம், கருகல் வாடை. பானட்டைத் தூக்கினால் பாட்டில் நிறையப் பச்சைத் தண்ணீர் இருக்கிறது. ஒரு மணி நேரம் ஆறவிட்டு, ஈரத் துணி போட்டு ரேடியேட்டர் மூடியைத் திறந்தேன். உள்ளே தண்ணீரே தெரியவில்லை. முள் ஏன் இறங்கியது என்று அப்போதுதான் புரிந்தது. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் முங்கியிருக்க வேண்டும். தண்ணீர் வற்றி அது வெறும் ஆவியில் நின்றால் முள் பொய் சொல்லும். ஆயில் குச்சியை உருவினேன், பால் விட்ட காபி நிறத்தில் வந்தது. என்ஜின் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போய், ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது.

வண்டியைக் கட்டி இழுத்து வந்து, இந்த முறை ஒரு பழைய ரேடியேட்டர் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கே இருக்கும் பாய்க்கு எழுபது வயது இருக்கும். பாட்டிலைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். "தம்பி, இது தண்ணியை வாங்கிக்கும், திருப்பிக் கொடுக்காது."

அவர் காட்டியது இதுதான். ரேடியேட்டர் மூடிக்குள் இரண்டு வால்வுகள். சூடேறி அழுத்தம் கூடும்போது ஒன்று திறந்து தண்ணீரை வெளியே விடும். என்ஜின் ஆறும்போது உள்ளே வெற்றிடம் உண்டாகி, நடுவில் இருக்கும் சின்ன வால்வு திறந்து தண்ணீரைத் திரும்ப உறிஞ்சும். 30 டிகிரியிலிருந்து 90 டிகிரிக்குப் போனால் தண்ணீர் சுமார் 3 சதவீதம் பெருகும். ஏழு லிட்டர் பிடிக்கும் வண்டியில் அது 200 மில்லிக்கு மேல். இந்தத் தண்ணீர் போவதும் வருவதுமாக இருக்க, டேங்குக்குள் ட்யூபின் முனை எப்போதும் தண்ணீருக்குள் முங்கியிருக்க வேண்டும். என் பாட்டிலில் ட்யூப் மூடிக்குக் கீழே அரை அங்குலத்தில் முடிந்துவிட்டது. ஒவ்வொரு முறை ஆறும்போதும் ரேடியேட்டர் உறிஞ்சியது காற்றைத்தான். ட்யூபும் மீன் தொட்டிக்குப் போடும் மெல்லிய ரகம். சூட்டில் தளர்ந்து, உறிஞ்சும்போது அப்பளமாக ஒட்டிக்கொள்ளும்.

அடுத்தது மூடி. என் பழைய மூடி 7 பிஎஸ்ஐ அழுத்தத்தில் திறப்பது. அவர்கள் போட்டது ஏதோ புதுக் காருடைய 13 பிஎஸ்ஐ மூடி. பித்தளைத் தகட்டை ஈயத்தில் பற்றவைத்த கிழட்டு ரேடியேட்டர் அதைத் தாங்குமா? மேல் தொட்டியின் பற்று விட்டுக்கொண்டு, ஓடும்போதெல்லாம் கசிந்திருக்கிறது. நான் பார்த்த பச்சைப் பொருக்கு அதுதான். கசிவது ஒரு பக்கம், திரும்பி வராதது இன்னொரு பக்கம். பாட்டில் மட்டும் நிறைந்தே இருந்தது.

அந்தக் கூலன்டாவது நிஜமா என்றால், பாய் விரலில் தொட்டுத் தேய்த்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். வழவழப்பே இல்லை. இரண்டே மாதத்தில் ரேடியேட்டர் அடியில் துருக் குழம்பு. சாயம் கலந்த தண்ணீருக்குத்தான் லிட்டர் கணக்கில் காசு கொடுத்திருக்கிறேன்.

இப்போது நானே செய்து மாட்டியிருக்கிறேன், ஒரு மதியத்து வேலை. பழைய இரும்புக் கடையில் மாருதி 800-இன் டேங்க் கிடைத்தது. அது கிடைக்காவிட்டால் பேட்டரித் தண்ணீர் வரும் தடித்த வெள்ளைக் கேன் போதும். குளிர்பான பாட்டில் கூடவே கூடாது, 80 டிகிரிக்குள்ளேயே நெளிந்துவிடும். எஞ்சின் ஆயில் வந்த டப்பாவும் வேண்டாம், எவ்வளவு கழுவினாலும் எண்ணெய் போகாது. டேங்க் மூடியில் காற்றுப் போக ஒரு ஊசித் துளை கட்டாயம் வேண்டும். என்னுடையதை எம்-சீல் வைத்து அடைத்திருந்தார்கள், பாட்டில் உப்பிப் போயிருந்தது. தடித்த ரப்பர் ஹோஸ், இரண்டு முனைக்கும் கிளிப், உள்முனை அடிமட்டத்துக்கு ஒரு விரல் மேலே. சைலன்ஸர் பக்கம் இல்லாமல் எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். மூடி பழைய அழுத்த அளவிலேயே இருக்க வேண்டும், ஆனால் மேலேயும் ஒரு ரப்பர் வளையம் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். பழைய காலத்து மூடியில் அது இருக்காது, அந்த இடுக்கு வழியாகவே காற்று இழுத்துவிடும். கழுத்தின் ஆழமும் பொருந்த வேண்டும், பழைய மூடியைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டே வாங்குங்கள். புதுக் கார்களில் டேங்கே அழுத்தத்தில் இருக்கும் இன்னொரு வகை உண்டு. அதை வீட்டில் செய்யும் ஆசையே வேண்டாம், வெடித்தால் கொதிதண்ணீர் முகத்தில்தான்.

யாரிடம் செய்து வாங்கியிருந்தாலும் சோதிக்க ஒரு வழி இருக்கிறது. இரவு நன்றாக ஓட்டிவிட்டு நிறுத்தி, டேங்கில் பென்சிலால் கோடு போடுங்கள். காலையில் அளவு அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும், ஆறிய ரேடியேட்டர் விளிம்புவரை நிறைந்திருக்க வேண்டும். கோட்டிலேயே நின்றால் தண்ணீர் திரும்பவில்லை என்று அர்த்தம், வண்டியை எடுக்காதீர்கள்.

ஹெட்டைக் கழற்றி லேத்தில் முகம் பிடித்து, கேஸ்கெட் மாற்றி, ரேடியேட்டர் பற்றவைத்து எல்லாம் முடிந்தபின் முதல் இடத்துக்குப் போனேன். "பழைய வண்டி சார், மலை ஏற்றினால் அப்படித்தான் ஆகும்" என்றார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றால் கையில் இருப்பது தொகை மட்டும் எழுதிய துண்டுச் சீட்டு. என் பழைய மூடியையாவது கொடுங்கள் என்றேன். இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்களாம்.