புற்றுநோய்ப் பிரிவில் மருத்துவர் பேசும் விதம்: மதுரைத் தனியார் மருத்துவமனை ஒன்றைப் பற்றி

தாயாரின் மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சைக்காக நாங்கள் சென்றுவரும் இம்மருத்துவமனையில், மருத்துவர் கோப்பைத் திறக்கும் முன்பே, ‘இதுவரை உங்களுக்கு என்ன சொல்லியிருக்கிறார்கள், இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள்?’ என்று என்னிடம் அல்லாமல் அம்மாவிடமே கேட்டது மிகவும் பிடித்திருந்தது. அறுவைக்கு முன் கீமோ (புற்றணுக்களை அழிக்கும் மருந்துச் சிகிச்சை) தருவது கட்டியைச் சுருக்குவதற்காகவே என்பதைப் படம் வரைந்து விளக்கினார். கீமோ காலத்தில் காய்ச்சல் 100.4 டிகிரி பாரன்ஹீட்டை எட்டினால், நோய்க்கிருமிகளை எதிர்க்கும் வெள்ளையணுக்கள் குறைந்திருக்கக்கூடும் என்பதால், பாராசிட்டமால் போட்டுக்கொண்டு காத்திராமல் உடனே வரவேண்டும் என்பதைச் செவிலியர் தமிழில் எழுதியே கொடுத்தார் (பல இடங்களில் ஆங்கிலத் தாளோடு முடித்துவிடுகிறார்கள்). செலவு விவரத்தில்தான் குறை: முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் எவையெல்லாம் அடங்கும் என்பதை நாமாக வற்புறுத்திக் கேட்டால்தான் கவுண்டரில் சொல்கிறார்கள்.