ரெடிங்கில் ரேடியேட்டர் சத்தத்துக்கு ஒரு நல்ல ஆள்

முதலில் மதிப்பெண்ணைச் சொல்லிவிடுகிறேன்: 5-க்கு 4.5. அந்த அரை எங்கே போனது என்பது பின்னால் வரும். இங்கிலாந்தில் ரெடிங் பக்கம் வேனில் ஒற்றை ஆளாக வந்து, வீட்டைச் சூடாக்கும் பாய்லர், ரேடியேட்டர் வேலை பார்க்கும் ஹீட்டிங் மெக்கானிக் இவர். அறுபதைத் தாண்டியிருப்பார். பெயரையும் எண்ணையும் நெட்டில் போட வேண்டாம், இருக்கிற வேலையையே முடிக்க முடியவில்லை என்று கேட்டுக்கொண்டார். அதனால் போடவில்லை. வேண்டுமென்றால் தனியாகக் கேளுங்கள், தருகிறேன்.

எங்களுடையது 1930-களில் கட்டிய செமி வீடு, அதாவது ஒரு பக்கச் சுவர் பக்கத்து வீட்டோடு ஒட்டியது. மாடியில் மரத் தரை, சமையலறையில் காம்பி பாய்லர், அதாவது தனி வெந்நீர் டேங்க் இல்லாத கேஸ் பாய்லர். அதில் சூடாகும் தண்ணீர் குழாய் வழியாக ஒவ்வொரு அறை ரேடியேட்டருக்கும் போய் வீட்டைச் சூடாக்கும். எனக்கு ஆஸ்பத்திரியில் நைட் டியூட்டி. காலையில் வந்து படுக்கும் நேரத்தில்தான் வீடு சூடாகத் தொடங்கும், கச்சேரியும் தொடங்கும். படுக்கையறை ரேடியேட்டரில் களகள, மாடி நடையில் டக் டக், கூடத்தில் திடீரென்று தடதட. ஊரிலிருந்து வந்திருந்த அத்தை, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று எழுந்து போய்த் திறந்தே பார்த்துவிட்டார்.

இவருக்கு முன்னால் ஒரு கம்பெனி ஆளைக் கூப்பிட்டிருந்தோம். எந்த ரேடியேட்டரில் சத்தம், எப்போது வருகிறது என்று ஒரு கேள்வி கிடையாது. பாய்லரைப் பார்த்தார், பவர்ஃப்ளஷ் பண்ணணும், 750 பவுண்டு ஆகும் என்றார், கிளம்பிவிட்டார். பவர்ஃப்ளஷ் என்பது மிஷின் வைத்து மருந்து கலந்த தண்ணீரை வேகமாக ஓட்டி, குழாய்க்குள் படிந்த சகதியை வெளியேற்றும் வேலை. சில வீடுகளுக்கு அது வேண்டியதுதான். எங்கள் வீட்டுக்கு வேண்டுமா என்று யாராவது பார்த்துச் சொல்ல வேண்டாமா?

நம்ம ஆள் போனிலேயே ஒன்று சொன்னார்: நான் வரும் நாளில் ராத்திரியிலிருந்தே ஹீட்டிங்கை நிறுத்தி வையுங்கள், வீடு குளிர்ந்து கிடக்கட்டும். வந்ததும் கேஸ் சேஃப் அட்டையை (கேஸ் வேலை பார்க்கச் சட்டப்படி வேண்டிய பதிவு அது) காட்டினார், பாய்லரை ஓடவிட்டார், பிறகு ஒவ்வொரு அறையிலும் போய்ச் சும்மா நின்றார். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, வந்த வேலையப் பாக்காம செவத்தையே பாத்துக்கிட்டு நிக்காரே?" அவர் காதால் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்கே கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

கூடத்துத் தடதட சத்தத்துக்கு அவர் கண்டுபிடித்த காரணம் எனக்குப் புதிது. ரேடியேட்டருக்கு முன்னால் மண்டியிட்டு, இரண்டு பக்கக் குழாயிலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டார். எது முதலில் சூடாகிறதோ அதுதான் தண்ணீர் உள்ளே வரும் பக்கம். எங்களுக்கு வலது கைப் பக்கம் முதலில் சூடானது. ஆனால் 1 முதல் 5 வரை எண் போட்ட தெர்மோஸ்டாட் வால்வு இடது பக்கம், அதாவது தண்ணீர் வெளியே போகும் பக்கத்தில் இருந்தது. பழைய மாடல் வால்வுகளில் தண்ணீர் ஒரு திசையில்தான் ஓட வேண்டும். தலைகீழாக ஓடினால், அறை சூடாகி வால்வு மூடப் போகும் நேரத்தில் தண்ணீரே அந்த மூடியை இழுத்து அடிக்கும், விடும், மறுபடி அடிக்கும். அதுதான் அத்தைக்குக் கேட்ட கதவுத் தட்டல். வால்வை 5-க்குத் திருப்பி முழுக்கத் திறந்தார், சத்தம் நின்றது. 2-க்குக் கொண்டுவந்தார், மறுபடி தடதட. இதைவிட என்ன நிரூபணம் வேண்டும்? இரண்டு திசையிலும் ஓடக்கூடிய புது வால்வு போட்டால் தீர்ந்தது என்றார். மேலே இரண்டு பக்கமும் அம்புக்குறி போட்டிருக்கும், கடையில் வாங்கும்போது அதைப் பாருங்கள்.

படுக்கையறைக் களகளவை நாங்களே அவ்வப்போது காற்றைத் திறந்துவிட்டுச் சமாளித்துக்கொண்டிருந்தோம். இதற்கு யாரையும் கூப்பிட வேண்டியதில்லை. அதற்கான சின்னச் சாவி எந்த ஹார்டுவேர் கடையிலும் கிடைக்கும். ஹீட்டிங்கை அணைத்து, ஆறவிட்டு, கீழே துணியைப் பிடித்துக்கொண்டு, மேல் மூலையில் இருக்கும் திருகைக் கால் சுற்றுத் திருப்பினால் உஸ் என்று காற்று போகும். தண்ணீர் வந்ததும் மூடிவிடலாம். அப்புறம் பாய்லரில் தண்ணீரின் அழுத்தத்தைக் காட்டும் முள்ளைப் பார்க்க வேண்டும். ஆறியிருக்கும்போது 1 முதல் 1.5 பார் (bar) வரை இருந்தால் சரி. குறைந்திருந்தால் கீழே இருக்கும் நிரப்பும் குழாயைத் திறந்து ஏற்றிவிட்டு மறக்காமல் மூடிவிடுங்கள். 3 பார் தொட்டால் பாதுகாப்பு வால்வு திறந்து தண்ணீரை வெளியே தள்ளிவிடும்.

ஆனால் எங்களுக்குத் திறந்துவிட்ட கொஞ்ச நாளில் மறுபடி களகள. அழுத்தம் குறையவில்லை, எங்கும் ஒழுகவில்லை, பிறகு காற்று எங்கிருந்து வருகிறது? அது காற்றே இல்லாமல் இருக்கலாம் என்றார். ரேடியேட்டர் இரும்பு உள்ளே அரிக்கும்போது ஹைட்ரஜன் உண்டாகும், அது மேலே போய்ச் சேரும். தீப்பிடிக்கிற வாயு, அதனால் திறந்துவிடும்போது பக்கத்தில் மெழுகுவத்தி, சிகரெட் எதுவும் கூடாது. ஒரு கண்ணாடிப் பாட்டிலில் தண்ணீர் பிடித்தார். சாம்பல் நிறம், அடியில் கறுப்பாகக் கொஞ்சம் தூள். எங்கள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த மீனாட்சியம்மன் காந்தத்தை எடுத்து, பாட்டிலுக்கு வெளியே வைத்து மெல்ல மேலே இழுத்தார். உள்ளே இருந்த கறுப்புத் தூளும் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு கூடவே ஏறியது. எல்லாம் அரித்த இரும்பு. என் மகன் இன்னும் அந்தப் பாட்டிலைத் தூக்கிப் போட விடவில்லை.

அப்படியென்றால் பவர்ஃப்ளஷ்தானா என்று கேட்டேன். எல்லா ரேடியேட்டரையும் தடவிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்றார். சகதி அடைத்திருந்தால் மேலே சூடாகவும் அடியில், முக்கியமாக அடியின் நடுவில், சில்லென்றும் இருக்கும். வாசல் நடை ரேடியேட்டர் ஒன்றுதான் அப்படி. அதை மட்டும் கழற்றி, தோட்டத்தில் போட்டு ஹோஸ் பைப் வைத்துக் கழுவினார். வெளியே வந்ததைப் பார்த்த பிறகு எனக்குக் குழாய்த் தண்ணீர் குடிக்கவே கொஞ்ச நேரம் மனசு வரவில்லை. இரண்டுக்கும் சம்பந்தமில்லை என்று தெரிந்தும்தான்!

இங்கேதான் அனுபவம் தெரிந்தது. ஒரே தடவை தண்ணீரை வடித்தார். அந்த ஒரு வடிப்பிலேயே கூடத்து வால்வு மாறியது, வாசல் ரேடியேட்டர் கழுவியாயிற்று, மறுபடி நிரப்பும்போது அரிப்பைத் தடுக்கும் இன்ஹிபிட்டரும் ஒரு பாட்டில் போயிற்று. பழைய ஆட்கள் யாரும் இந்த மருந்தைப் போட்டதாகத் தெரியவில்லை என்றார். ஃபெர்னாக்ஸ், சென்டினல் இரண்டு கம்பெனியில் எதுவானாலும் சரியாம்.

மாடி டக் டக் சத்தத்துக்கு ஒரு பலகையைத் தூக்கினார். கீழே செம்புக் குழாய், உத்தரத்தில் வெட்டிய பள்ளத்தில் இறுக்கமாக உட்கார்ந்திருந்தது. 10 மீட்டர் செம்புக் குழாய் 50 டிகிரி சூடேறினால் 8 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். நீள இடமில்லாமல் மரத்தில் உரசி உரசி நகர்வதுதான் அந்தச் சத்தம். ஒரு துண்டு ஃபெல்ட் துணியைக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவில் செருகினார். கூடவே பாய்லரிலிருந்து போகும் தண்ணீரின் சூட்டை 75-லிருந்து 60 டிகிரிக்கு இறக்கினார். சூடு குறைந்தால் குழாய் நீள்வதும் குறையும், இந்த மாதிரி பாய்லருக்குக் கேஸும் மிச்சம். தனியாக வெந்நீர் டேங்க் இருக்கும் வீட்டில் இப்படி இறக்கக் கூடாது, கிருமி வளராமலிருக்க டேங்க் தண்ணீர் 60 டிகிரிக்கு ஏற வேண்டும் என்று எச்சரித்தார்.

பாய்லருக்குள்ளிருந்தே உறுமல் வந்தால் அது வேறு கதை. ரெடிங் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உள்ளே படிந்தால் அப்படி உறுமும். பாய்லர் மூடியைத் திறக்கக் கேஸ் சேஃப் பதிவுள்ளவர்தான் வர வேண்டும், தெரிந்த பையன் என்று யாரையும் விடாதீர்கள். வாடகை வீட்டில் இருப்பவர்கள் இதற்கெல்லாம் கைக்காசு போட வேண்டாம். இங்கிலாந்தில் 1985-ஆம் வருடச் சட்டப்படி ஹீட்டிங்கைப் பழுது பார்த்து வைப்பது வீட்டு உரிமையாளர் பொறுப்பு. எழுத்தில் கேளுங்கள்.

மொத்தம் 260 பவுண்டு, வால்வும் மருந்தும் சேர்த்து. குறை என்றால், வாசல் ரேடியேட்டரைத் தூக்கிப் போகும்போது கார்ப்பெட்டில் கறுப்புத் தண்ணீர் சிந்தியது. துடைத்தார், ஆனால் கறை முழுக்கப் போகவில்லை. தூக்கிய பலகையின் ஆணி முனையும் கொஞ்சம் மேலே நின்றது, என் வீட்டுக்காரர் அடித்துச் சரிசெய்தார். மெசேஜ் அனுப்பினால் பதில் வராது, போன்தான் செய்ய வேண்டும், அதுவும் சாயங்காலம் ஆறுக்கு மேல். அரை மதிப்பெண் இவற்றுக்காகப் போனது.

குளியலறைச் சுவருக்குள் போகும் குழாய் மட்டும் காலையில் கொஞ்ச நேரம் டிக் டிக் என்கிறது. டைல்ஸை உடைத்தால்தான் அதைத் தொட முடியும், இதற்காக உடைக்காதீர்கள் என்று அவரே சொல்லிவிட்டார். நவம்பரில் கூப்பிட்டால் மூன்று வாரம் காத்திருக்க வேண்டும். ஆகஸ்டில் கூப்பிட்டால் மறுநாளே வருவாராம்.