வீடு மாறும்போது பழைய லோனை முடிப்பதா, கூடவே கொண்டுபோவதா?

வெள்ளவத்தைத் தொடர்மாடி வீட்டை விற்றுவிட்டுத் தெஹிவளைப் பக்கம் கொஞ்சம் பெரிதாக வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது, இடையில் லோனை முடித்தால் வங்கி எத்தனை வீதம் பிடிக்கும் என்பதைத்தான். கேட்க வேண்டியதுதான், ஆனால் முடிவு அதில் மட்டும் இல்லை.

லண்டன் சொந்தக்காரர்கள் "போர்ட் பண்ணுங்கோ" என்பார்கள். அங்கே நிலையான வட்டிக் காலத்துக்குள் முடித்தால் மீதிக் கடனில் வழக்கமாக 1 முதல் 5 வீதம் வரை போகும், அதனால் அதே வட்டியைப் புது வீட்டுக்குக் கொண்டுபோகும் வசதி பல கடன்களில் உண்டு. அதற்கும் வருமானத்தைத் திரும்பப் பார்ப்பார்கள். இங்கே இலங்கையில் ஈட்டுக்கு வைத்த ஆதனத்தை (வீட்டை) மாற்றித் தருவது பெரும்பாலும் வங்கியின் விருப்பம்.

முதல் வழி, விற்ற காசில் பழைய கடனைத் தீர்த்துவிட்டுப் புதிதாக எடுப்பது. மீதி 1 கோடி 50 லட்சம், கட்டணம் 3 வீதம் என்று வைத்தால் நாலரை லட்சம். கேட்கவே வயிற்றைக் கலக்கும். ஆனால் புதுக் கடனில் வட்டி 2 வீதம் குறைந்தால் முதல் வருடமே கிட்டத்தட்ட 3 லட்சம் மிச்சம், ஒன்றரை வருடம் சொச்சத்தில் கட்டணம் திரும்பிவிடும். 1 வீதம்தான் குறைகிறது என்றால் மூன்று வருடத்துக்கு மேல் ஆகும், அப்போது யோசிக்க வேண்டும். சில வங்கிகள் வீடு விற்ற காசில் தீர்த்தால் ஒரு கட்டணமும், இன்னொரு வங்கி கடனை எடுத்துக்கொண்டால் அதைவிடக் கூடின கட்டணமும் வைத்திருப்பார்கள், எனவே ஒஃபர் லெட்டரை எடுத்து அந்தப் பந்தியை வாசியுங்கள். அப்புறம், கடனோடு எடுத்த ஆயுள் காப்புறுதி. புது வங்கியில் அதைப் புதிதாக எடுக்கச் சொன்னால் வயது கூடியிருக்கும், கட்டுப்பணமும் கூடும். இந்தச் செலவைப் பலர் கணக்கில் எடுப்பதே இல்லை.

இரண்டாவது, அதே வங்கியில் ஆதனத்தை மாற்றுவது. தீர்க்கும் கட்டணம் தப்பலாம், ஆனால் சும்மா நடக்காது: மதிப்பீட்டு அறிக்கை, சட்டத்தரணியின் 30 வருட உறுதித் தேடல் (வீடு யார் யார் கைமாறி வந்தது என்ற பதிவுகளைப் பார்ப்பது), புது ஈட்டு முறி (வீட்டை வங்கிக்கு ஈடாக எழுதிக் கொடுக்கும் பத்திரம்) எல்லாம் திரும்பவும் வரும். முத்திரை வரி (முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4) எந்த வழியில் போனாலும் வாங்குகிறவர் தலையில்தான், அதை ஒப்பீட்டில் சேர்க்காதீர்கள். பெரிய சிக்கல் நேரம். உங்கள் வீட்டை வாங்குபவரின் வங்கிக் காசோலை, பழைய வீட்டை ஈட்டிலிருந்து விடுவிக்கும் உங்கள் வங்கியின் விடுதலைப் பத்திரம், நீங்கள் வாங்கும் வீட்டின் உறுதி மூன்றும் ஒரே நாளில், நொத்தாரிசு முன்னால், இரண்டு சாட்சிகளோடு ஒன்று சேர வேண்டும். ஒரு கையெழுத்து பிந்தினால் மற்ற இரண்டும் அப்படியே நிற்கும். அதோடு, மாற்றும் சாக்கில் வட்டியை இன்றைய வீதத்துக்கு ஏற்றிவிட மாட்டோம் என்று எழுத்தில் வாங்காமல் அடுத்த வேலைக்குப் போகாதீர்கள்.

பழைய வீட்டை வாடகைக்கு விட்டு இரண்டாவது லோன் எடுப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஒரு சம்பளத்தில் இரண்டு தவணை, வாடகைக்காரர் எழும்பிப் போனால் ஒன்றும் செய்ய முடியாது.

என் கருத்து: குறைந்த நிலையான வட்டியில் இருப்பவர்கள் ஆதன மாற்றத்துக்குப் போராடுங்கள். பிரைம் வீதத்தோடு (வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களுக்குக் கொடுக்கும் கடன்களின் சராசரி வட்டி) ஏறி இறங்கும் கடன் என்றால் முடித்துவிட்டு நல்ல நிலையான வட்டி தேடுங்கள். 2022 கடைசியில் அந்த வீதம் 27ஐ எட்டியபோது தவணை என்ன பாடுபடுத்தியது என்று கடன் வைத்திருந்தவர்களுக்குத் தெரியும். எதற்கும் கிளை முகாமையாளரிடம் தீர்க்கும் தொகையைத் திகதி போட்டு எழுத்தில் கேளுங்கள். இழுத்தடித்தால் மத்திய வங்கியின் 1935க்கு அழைக்கலாம்.