குறைந்த காசில் வீட்டு ஒலிப்பதிவு: திருகோணமலையில் என் அனுபவம்

வீட்டில் பாட்டு றெக்கோர்ட் பண்ண ஆசைப்படுகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த இன்டர்ஃபேஸ் வாங்கலாம்?" என்றுதான். மைக்கை லாப்டொப்போடு இணைக்கிற பெட்டிதான் அது. 48 வோல்ட் பாண்டம் பவர் (வயர் வழியாகவே மைக்குக்குப் போகிற கரண்ட்) தருகிற எதையாவது வாங்குங்கோ என்பேன். என்னிடம் இருப்பது ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோ, மூன்றாம் தலைமுறை, பாவிச்சது. ஒலியை மாதிரி எடுக்கிற வேகம் 192 கிலோஹேர்ட்ஸ் வரை போகும். நான் 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸைத் தாண்டியதே இல்லை. அது தன் பாட்டில் வேலை செய்கிறது, சொல்ல வேறொன்றும் இல்லை.

காசு போகவேண்டியது அறைக்கு. எனது உப்புவெளிப் பக்கம், 10 அடிக்கு 10 அடி, சீமெந்துச் சுவர், மேலே தகரம். சதுர அறை என்பதே வில்லங்கம். எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையில் 56 ஹேர்ட்ஸிலும் அதன் இரட்டிப்பான 112-இலும் ஒலி வீங்கும். ஆண்குரல் கீழே இறங்கும்போது அந்த 112-க்குக் கிட்டத்தான் நிற்கும். அதற்கு ஒரு அங்குல ஃபோம் ஒட்டிப் பிரயோசனம் இல்லை. 100 ஹேர்ட்ஸ் அலையின் நீளம் 3.4 மீற்றருக்குக் கிட்ட. அது ஃபோமைக் கணக்கெடுக்காது. ஃபோம் கூரிய ஒலிகளை மட்டும் உறிஞ்ச, மிச்சமெல்லாம் தகரப் பெட்டிக்குள் பாடினமாதிரிக் கேட்கும். நான் இரண்டு தும்பு மெத்தைகளை மூலைகளில் குறுக்காக, பின்னால் இடம் விட்டு நிறுத்தியிருக்கிறேன். பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் தடித்த போர்வை, ஏனென்றால் மைக் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான். முழுக்கத் தீர்ந்தது என்றில்லை. மிஞ்சிய வீக்கத்தை ரீப்பர் என்கிற பதிவு மென்பொருளில் ஈக்யூ போட்டு, அந்த இடத்து ஒலியை மட்டும் குறைத்து வெட்டுகிறேன். ரீப்பர் 60 நாள் இலவசம், பிறகு தனிப்பட்ட பாவனைக்கு 60 டொலர். அதற்குமேல் பிளகின் (அதோடு சேர்த்துப் பாவிக்கிற துணை மென்பொருள்) வாங்குவது, என் கணக்கில், வீண்செலவு.

மைக்குக்கு வருவோம். பாண்டம் பவரில் ஓடுகிற கண்டென்சர் வகை மைக் நுணுக்கமாகக் கேட்கும். பக்கத்து வளவுத் தண்ணி மோட்டரையும் காகத்தையும் அதே நுணுக்கத்தோடு கேட்கும். வாடை மழைக் காலத்தில் ஈரம் ஏறினால் சடசடவென்று பொரியவும் தொடங்கும். என்னுடையதை இப்போது சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைக்கிறேன். வயலினுக்கும் வீணைக்கும் மட்டும் வெளியே வரும். குரலுக்கு ஷூர் எஸ்.எம்.58. 1966-இல் வந்த டைனமிக் மைக், பாண்டம் பவரே தேவையில்லை. வாயிலிருந்து நாலு விரல் தூரத்தில் வைத்துப் பாட விடுவேன். தூரம் பாதியானால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் ஏறும், அறையின் எதிரொலி ஏறாது. அறை நல்லாயில்லாதவனுக்கு இதைவிட மலிவான வைத்தியம் கிடையாது. ஒன்று: இந்த மைக்குக்குப் போலி ஏராளம். பாவிச்சது வாங்கினால், நிச்சயமான ஒன்றோடு பக்கத்தில் வைத்துப் பாடிப் பார்த்துவிட்டுக் காசைக் கொடுங்கோ.

கச்சான் என்கிற வெக்கைக் காற்று வீசும் மாதங்களில் பெரிய சிக்கல் ஃபான். நிறுத்தாமல் றெக்கோர்ட் பண்ண முடியாது, நிறுத்தினால் இருக்க முடியாது. திருவாசகம் பாட வந்த பிள்ளை இரண்டு வரிக்கு ஒருக்கா ஹெட்போனைக் கழற்றி, "அண்ணா, ஒருக்கா ஃபானைப் போடுங்கோவன், ஏலாது" என்றாள். இப்போது விடியற்காலையில்தான் பதிவு. மார்கழியில் அதுவும் சரிவராது, திருவெம்பாவைக்கு இருட்டோடேயே கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். தகரத்தில் மழை விழுகிற நாளில் கருவியை எடுப்பதே இல்லை. அதற்கு எந்த விலையிலும் சாமான் இல்லை.

ஹெட்போனில் கஞ்சத்தனம் வேண்டாம். காதை மூடுகிற வகை வேண்டும், இல்லையென்றால் சுருதிப்பெட்டிச் சத்தம் கசிந்து மைக்குக்குள் போகும். வியர்வையில் காதுப் பஞ்சின் தோல் உரியத்தான் செய்யும், ஆகவே மாற்றுப் பஞ்சு தனியாகக் கிடைக்கிற மொடலாகப் பாருங்கோ. ஸ்பீக்கர் நான் வாங்கவில்லை. இந்த அறையில் அது பொய்தான் சொல்லும். மிக்ஸை ஹெட்போனில் முடித்து, தெரிந்த ஒருவரின் ஆட்டோவில் போட்டுக் கேட்கிறேன்.

பதிவில் மெல்லிய இரைச்சல் கேட்டால் புதுச் சாமான் தேட முன்னம் லாப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கோ. எனக்கு அதோடு போய்விட்டது.